பைரஸ் எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்?

கி.மு. 279 முடிந்து 278 பிறக்கும் சமயம். கிரேக்கத்தின் வடமேற்கில் உள்ள எபிரஸ் நாட்டு அரசன் பைரஸ் தென் இத்தாலியில் இருக்கிறான். அஸ்குலத்தில் ரோமானியரை ஜெயித்தாகிவிட்டது, ஆனால் அந்தப் போரில் கையில் ஈட்டி பாய்ந்த காயமும் உண்டு. அந்த நேரம் பார்த்து இரண்டு சேதிகள் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்கின்றன. சிசிலியிலிருந்து வந்தவர்கள், "சிராகூஸ், அக்ரகாஸ், லியோன்டினி மூன்றையும் உங்கள் கையில் ஒப்படைக்கிறோம், கார்த்தேஜ்காரர்களை விரட்டித் தாருங்கள்" என்கிறார்கள். கார்த்தேஜ் அன்றைக்கு வட ஆப்பிரிக்காவில் இருந்த கடல் வல்லரசு. கிரேக்கப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மாசிடோனிய மன்னன் டாலமி கெரானஸ் வடக்கேயிருந்து படையெடுத்து வந்த கால் (Gaul) இனத்தாரோடு போரிட்டுப் படையோடு அழிந்தான், சிம்மாசனம் காலியாக இருக்கிறது என்கிறார்கள்.

பைரஸ் சந்தோஷப்படவில்லை, அதிர்ஷ்டத்தைத் திட்டினான் என்று எழுதுகிறார் பழைய கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க். இரண்டு பெரிய வாய்ப்புகள் சேர்ந்து வந்தால் ஒன்று கட்டாயம் போய்விடும் அல்லவா? ரொம்ப நாள் யோசித்துவிட்டு சிசிலியைத் தேர்ந்தெடுத்தான்.

இந்த முடிவை வரலாறு படிக்கிறவர்கள் பெரும்பாலும் கிண்டல்தான் செய்வார்கள். எதையும் முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுகிறவன், கண்ணில் பட்டதற்கெல்லாம் ஆசைப்படுகிறவன் என்பார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவன் முன்னால் அன்றைக்கு இருந்த வழிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிசிலி அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. அவன் உண்மையில் தவறியது வேறோர் இடத்தில், ஒரு வருஷம் கழித்து என்று நினைக்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். அலெக்சாந்தரின் தாய் ஒலிம்பியாஸ் பைரஸின் குடும்பத்துப் பெண். அலெக்சாந்தர் செத்த பிறகு அவனுடைய தளபதிகள் பேரரசைப் பங்கு போட்டுச் சண்டையிட்ட நாற்பது வருஷக் குழப்பத்துக்குள்தான் பைரஸ் பிறந்தான், வளர்ந்தான். கைக்குழந்தையாக இருக்கும்போதே அவனைத் தூக்கிக்கொண்டு இலிரியாவுக்கு ஓட வேண்டியிருந்தது. இளைஞனாக இப்சஸ் போரில் (கி.மு. 301) தோற்ற பக்கம் நின்றான். அப்புறம் எகிப்து அரசன் டாலமியிடம் (கெரானஸின் அப்பா) பிணையாளாக இருந்தவன், அங்கேயே அரச வீட்டில் பெண் கட்டிக்கொண்டு, டாலமியின் பணத்தோடும் ஆளோடும் எபிரஸ் திரும்பினான். ஒருமுறை பாதி மாசிடோனியாவே அவன் கையில் இருந்தது. அலெக்சாந்தரின் பழைய தளபதிகளில் ஒருவனான லைசிமாக்கஸ் அதைப் பிடுங்கிக்கொண்டான். அந்த லைசிமாக்கஸைக் கி.மு. 281-இல் இன்னொரு பழைய தளபதி செலூக்கஸ் வீழ்த்தினான், அதே வருஷம் செலூக்கஸை டாலமி கெரானஸ் கத்தியால் குத்திக் கொன்று மாசிடோனியாவின் அரசனானான்.

இத்தாலிக்குப் புறப்படும்போது பைரஸ் இந்தப் போட்டியாளர்களிடமே உதவி கேட்டான். மாசிடோனியாவைக் குறிவைத்த ஆன்டிகோனஸ் கோனடாஸிடம் கப்பல், செலூக்கஸின் மகன் ஆன்டியோக்கஸிடம் பணம், கெரானஸிடம் படை. இரண்டு வருஷத் தவணையில் ஆட்களைக் கொடுத்தான் கெரானஸ். ஏன் கொடுக்கமாட்டான்? பக்கத்து நாட்டில் இப்படி ஒரு போர்வீரன் சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கடல் தாண்டிப் போய் ரோமோடு மல்லுக்கட்டுவது அவனுக்கு எவ்வளவோ நிம்மதி.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இத்தாலியிலேயே இருந்து ரோமை முடிப்பது முதல் வழி. ஹெராக்லியா, அஸ்குலம் என்று இரண்டு பெரிய போர்கள், இரண்டிலும் வெற்றி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அஸ்குலத்தில் ரோமானியர் 6,000 பேர் செத்தார்கள் என்றார் பழைய வரலாற்றாசிரியர் ஹைரோனிமஸ், தன் பக்கம் 3,505 பேர் செத்தார்கள் என்று பைரஸின் சொந்தக் குறிப்பேடே சொன்னது. அந்த மூவாயிரத்துச் சொச்சத்தில் எபிரஸிலிருந்து கூட வந்த பழைய தளபதிகளும் நண்பர்களும் அடக்கம். வாழ்த்துச் சொன்னவனிடம், "இன்னொரு தடவை இப்படி ஜெயித்தால் தொலைந்தோம்" என்ற பொருளில் அவன் சொன்ன பதிலால்தான் இன்றைக்கும் உலகம் அவனை நினைவில் வைத்திருக்கிறது.

அவனுக்கு ஆள் போனால் போனதுதான். எபிரஸ் மலைநாடு, சின்ன நாடு. எதிரே ரோமில் கி.மு. 280-இல் எடுத்த குடிமக்கள் கணக்கு 2,87,222. கூட்டாளி நகரங்களின் ஆட்கள் இதில் சேர மாட்டார்கள். ஒரு படை அழிந்தால் அடுத்ததைத் திரட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். வீட்டுக்குள்ளேயே ஊற்று சுரப்பது போல என்று பழைய ஆசிரியர்களும் இதைத்தான் சொன்னார்கள். சமாதானமும் பேசிப் பார்த்தாகிவிட்டது. பைரஸின் தூதன் சினியாஸ் வாளைவிட நாக்கால் அதிக நகரங்களைப் பிடித்தவன் என்று பெயரெடுத்தவன், ரோமில் அவன் பேச்சும் எடுபடவில்லை. பார்வை போன கிழவர் அப்பியஸ் கிளாடியஸ் செனட்டுக்குத் தூக்கி வரப்பட்டு, பைரஸ் இத்தாலியை விட்டுப் போகாமல் பேச்சே கிடையாது என்று முடித்துவிட்டார். இதற்கு மேல் ரோமும் கார்த்தேஜும் பைரஸுக்கு எதிராக உடன்படிக்கை வேறு செய்துகொண்டன. தேவைப்பட்டால் கப்பல் கொடுப்பது கார்த்தேஜின் பொறுப்பு. கார்த்தேஜின் தளபதி மாகோ 120 கப்பலோடு ரோமுக்கு உதவுகிறேன் என்று வந்து நின்றதாக ஒரு செய்தி உண்டு.

ரோமுக்கு எதிராக அவனை இத்தாலிக்கு அழைத்ததே டாரென்டம் என்ற கிரேக்க நகரம்தான், அந்த டாரென்டம்காரர்களுக்கும் அலுத்துவிட்டது. வந்ததுமே நாடக அரங்கையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் மூடி, இளைஞர்களைப் படையில் இழுத்துப் போட்ட விருந்தாளியை எத்தனை நாள் சகிப்பார்கள்? ஆக, இத்தாலியில் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது வெற்றியோடு படை தீர்ந்துவிடும். இந்த வழியைப் பெரிதாக விவாதிக்க ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும் விட்டு ஊருக்குப் போவது என்று இன்னொரு வழியும் உண்டு. சினியாஸ் புறப்படும் முன்பே இதைக் கேட்டதாகக் கதை. ரோமைப் பிடித்து, சிசிலியைப் பிடித்து, ஆப்பிரிக்காவைப் பிடித்து, கிரேக்கத்தையும் பிடித்த பிறகு என்ன செய்வீர்கள் என்றானாம். குடித்துப் பேசிச் சந்தோஷமாக இருப்போம் என்றானாம் பைரஸ். அதை இப்போதே செய்யலாமே என்றானாம் சினியாஸ். நல்ல கதை. ஆனால் அந்தக் காலத்தில் சும்மா இருந்த அரசனைப் பக்கத்து அரசன் சும்மா விடமாட்டான். பைரஸுக்கு அது சின்ன வயதிலேயே புரிந்துபோன பாடம்.

மாசிடோனியாதான் உண்மையான கவர்ச்சி. அலெக்சாந்தரின் நாடு, எபிரஸுக்கு அடுத்த வீடு. எபிரஸில் அவனுடைய மூத்த மகன், இவன் புறப்பட்டபோது பதினைந்து வயதுப் பையன், காவலுக்கு இருக்கிறான். அங்கே போனால் ஆள் பஞ்சம் தீரும் என்பதும் பெரிய விஷயம். உலகத்திலேயே சிறந்த காலாட்படை அந்த நாட்டு விவசாயிகளிடமிருந்துதான் வந்தது. இத்தாலியிலும் சிசிலியிலும் படையைச் செலவழித்து மண்ணைப் பிடிக்க வேண்டும், மாசிடோனியாவில் மண்ணோடு படையும் சேர்ந்து கிடைக்கும்.

அப்படியானால் ஏன் உடனே கிளம்பவில்லை?

அன்றைக்கு மாசிடோனியா இருந்த இருப்பைப் பாருங்கள். கெரானஸின் தலையை ஈட்டியில் குத்தி ஊர்வலம் விட்டார்கள் கால் இனத்தார். அடுத்து வந்த மெலியாகர் இரண்டு மாதம், அதற்கடுத்த ஆன்டிபேட்டர் 45 நாள். பிறகு சோஸ்தினிஸ் என்ற தளபதியைப் படைவீரர்கள் அரசனாகக் கூப்பிட்டபோது, எனக்கு அரசன் பட்டம் வேண்டாம், தளபதி என்றே சத்தியம் செய்யுங்கள் என்றான். புத்திசாலி. நாட்டுப்புறம் கொள்ளை போய்க்கொண்டிருந்தது, இன்னொரு கூட்டம் பிரென்னஸ் தலைமையில் டெல்ஃபி வரைக்கும் இறங்கியது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். பிடுங்குகிறவனுக்கு அது சரி, குடியேறப் போகிறவன் முதலில் தீயை அணைக்க வேண்டும். கோனடாஸும் ஆன்டியோக்கஸும் வேறு அதே சிம்மாசனத்தின் மேல் கண் வைத்திருந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. மாசிடோனியர்களை பைரஸ் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவன். தங்கள் அப்போதைய அரசன் டெமெட்ரியஸைக் கைவிட்டு அவர்கள் இவன் பக்கம் ஓடி வந்தார்கள். கொஞ்ச நாளில் லைசிமாக்கஸ், "இந்த அந்நியனுக்கா நீங்கள் அடங்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்டதும் இவனையும் அதேபோலக் கைவிட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையைச் சேராது. அந்தப் பூனை பைரஸ் என்றால் அவனை முழுக்கக் குறை சொல்ல முடியாது.

இனி சிசிலி. அங்கே அவனுக்குச் சொந்தம் இருந்தது. சிராகூஸை ஆண்ட அகாதோகிளிஸின் மகள் லனாஸ்ஸாவை ஒரு காலத்தில் மணந்திருந்தான். அவள் இவனுடைய மற்ற மனைவிகளைப் பொறுக்காமல் கோபித்துக்கொண்டு போய் டெமெட்ரியஸை மணந்தது தனிக் கதை. ஆனால் அவள் பெற்ற மகன் அலெக்சாந்தர் பைரஸிடம் இருந்தான். தாத்தாவின் சொத்துக்குப் பேரன். தீவின் கிரேக்கர்கள் ஏற்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

தீவு செழிப்பானது. தானியம், பணம், நிறையக் கப்பல். சிராகூஸிலேயே 140-க்கு மேற்பட்ட கப்பல்கள் அவனுக்குக் கிடைத்தன. அக்ரகாஸை வைத்திருந்த சோசிஸ்ட்ரேட்டஸ் 8,000 காலாட்படையும் 800 குதிரைப்படையும் கொண்டுவந்து சேர்ந்தான். இதெல்லாம் போரிட்டுப் பிடித்ததல்ல, தாங்களாகக் கொடுத்தது. மேற்கு முனையிலிருந்து ஆப்பிரிக்கக் கரை சுமார் 150 கிலோமீட்டர்தான். அகாதோகிளிஸ் முன்பு அங்கே படையோடு இறங்கிக் கார்த்தேஜைக் கதிகலங்க வைத்திருந்தான். மாமனார் தொடங்கியதை மருமகன் முடிக்கலாமே என்ற கணக்கு பைரஸ் மனதில் ஓடாமல் இருந்திருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம், சிசிலிக்கு அவசரம் இருந்தது. சிராகூஸைக் கார்த்தேஜ் 100 கப்பலாலும் 50,000 பேராலும் முற்றுகையிட்டிருந்தது. ஊருக்குள்ளே தோயினன் ஒரு பக்கம், சோசிஸ்ட்ரேட்டஸ் ஒரு பக்கம், உட்சண்டை. சில மாதம் தாமதித்தால் சிராகூஸ் விழுந்துவிடும். விழுந்தால் தீவு முழுக்கக் கார்த்தேஜ் கையில். கார்த்தேஜ் ரோமின் கூட்டாளி. அப்புறம் இத்தாலியில் இருக்கிற பைரஸ் வடக்கே ரோம், தெற்கே கார்த்தேஜ், நடுவில் தான் என்று மாட்டிக்கொள்வான்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தராசு சாய்கிறது. எது பெரிது என்பதைவிட எது காத்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். இத்தாலியை டாரென்டத்தில் ஒரு காவல்படையை வைத்துக் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கலாம். அப்படித்தான் செய்தான், தளபதி மைலோவை விட்டுவிட்டுப் போனான். சிசிலி காத்திருக்காது. மாசிடோனியா? உடனே போகாவிட்டால் போய்விடும் என்று எல்லோரும் சொன்ன அந்த மாசிடோனியா காத்திருந்தது. கி.மு. 274-இல், இத்தாலியில் அடிவாங்கி 8,000 காலாட்படையும் 500 குதிரையும் மட்டுமே மிச்சமாகத் திரும்பியவன், சம்பளம் கொடுக்கப் பணமில்லாத அந்த நிலையிலும் கோனடாஸைத் தோற்கடித்து நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டான். நான்கு வருஷம் தள்ளிப்போட்ட பிறகும் இவ்வளவு எளிதாகக் கிடைத்தது, 278-இல் அவசரம் என்று எப்படிச் சொல்வது?

கோனடாஸ் பெயரைச் சொல்லி இதற்கு மறுப்பு வரும். கி.மு. 277-இல் லைசிமாக்கியா அருகே முகாமைக் காலியாக விட்டு, கொள்ளையடிக்க வந்த கால் இனத்தாரின் படையைப் பொறியில் சிக்கவைத்து அழித்தான். அந்த ஒரு வெற்றியைக் காட்டி மாசிடோனியாவின் சிம்மாசனத்தில் ஏறினான். அவன் வம்சம் அங்கே நூறு வருஷத்துக்கு மேல், கி.மு. 168 வரை நின்றது. அந்த இடத்தில் பைரஸ் இருந்திருக்கலாமே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் 278-இன் தொடக்கத்தில் அது யாருக்குத் தெரியும்? கோனடாஸுக்கே அதுவரை தோல்விதான் அதிகம்.

சிசிலியில் முதல் ஒரு வருஷம் பைரஸ் எடுத்த முடிவு சரி என்றே காட்டியது. முற்றுகை விலகியது, தோயினனும் சோசிஸ்ட்ரேட்டஸும் சமாதானமானார்கள். 30,000 காலாட்படை, 1,500 குதிரை, யானைகளோடு மேற்கே போனான். செலினஸ், செகஸ்டா ஆகிய நகரங்கள் தாமாக வந்து சேர்ந்தன. எரிக்ஸ் மலைக்கோட்டையில் ஏணி வைத்து முதல் ஆளாக மதில் ஏறியவன் அவனே. பனோர்மஸ் (இன்றைய பலெர்மோ) விழுந்தது. கார்த்தேஜுக்குத் தீவில் மிஞ்சியது லிலிபேயம் ஒன்றுதான்.

அப்போது கார்த்தேஜ் சமாதானத்துக்கு வந்தது. பணம் தருகிறோம், கப்பல் தருகிறோம், லிலிபேயத்தை மட்டும் எங்களிடம் விடுங்கள் என்றது.

என் கணக்கில் பைரஸ் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு இதுதான், சிசிலியா மாசிடோனியா என்பதைவிடப் பெரியது. ஒப்புக்கொண்டால் ஒரு மூலையைத் தவிர முழுத் தீவும் அவனுடையது. ரோமின் கூட்டாளி ரோமை விட்டு விலகிவிடும், அதுவும் ரோமுக்குக் கொடுப்பதாகச் சொன்ன கப்பல்களை இவனுக்குக் கொடுத்துவிட்டு. அந்தப் பணத்தையும் கப்பலையும் வைத்து இத்தாலிக்கும் திரும்பலாம், அப்போதுதான் கோனடாஸ் கால் ஊன்றத் தொடங்கியிருந்த மாசிடோனியாவுக்கும் போகலாம். மறுத்தால் கடலில் பலமான எதிரியிடமிருந்து கடலோரக் கோட்டை ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

மறுத்தான். ஆப்பிரிக்க ஆசைதான் காரணம் என்கிறார் புளூட்டார்க். இன்னொரு பழைய வரலாற்றாசிரியர் டயடோரஸ் சொல்வது வேறு மாதிரி. லிலிபேயத்தை விட்டுக்கொடுக்க பைரஸ் இறங்கிவந்தானாம், கூட இருந்த நண்பர்களும் சிசிலி நகரங்களின் பிரதிநிதிகளும்தான் தீவில் கால்வைக்கக் கார்த்தேஜுக்கு ஒரு படிக்கட்டுகூட விடக்கூடாது என்று தடுத்தார்களாம். இரண்டில் டயடோரஸ் சொல்வதையே நான் நம்ப விரும்புகிறேன். சிசிலிக்காரர்களுக்கு அது சொந்த மண், அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் முடிவெடுக்கிறவன் அரசன் அல்லவா?

லிலிபேயம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. நிலப்பக்கம் குறுகல், அதில் சுவரும் கோபுரங்களும் அகழியும். கடல்வழியாகத் தானியமும் ஆட்களும் கருவிகளும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. இரண்டு மாதம் முட்டிப் பார்த்துவிட்டு விலகினான். பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போகப் பெரிய கப்பற்படை என்று ஆரம்பித்து, நகரங்களிடம் துடுப்புப் போடும் ஆட்களை மிரட்டி வாங்கினான். முணுமுணுத்தவர்களை அடக்கினான். தோயினனைத் துரோகி என்று கொன்றான், சோசிஸ்ட்ரேட்டஸ் பயந்து ஓடினான். அழைத்து வந்த இரண்டு பேருமே போய்விட்டார்கள். நகரங்களில் சில கார்த்தேஜிடமே திரும்பின.

இத்தாலியிலிருந்து ரோமை எதிர்த்த மலைவாழ் இனத்தாரான சாம்னைட்டுகளும் டாரென்டம்காரர்களும் அபயம் என்று கூப்பிட்டதைச் சாக்காக வைத்துக் கிளம்பினான். கடக்கும்போது கார்த்தேஜ் கப்பல்கள் மறித்தன. 110 கப்பலில் 70 மூழ்கின என்கிறது ஒரு கணக்கு. கி.மு. 275-இல் பெனவென்டத்தில் ரோமானியரோடு மறுபடி போர். அங்கே யானைகள் மிரண்டு சொந்தப் படை மேலேயே திரும்பின. மூன்று வருஷம் கழித்து ஆர்கோஸ் நகரத் தெருச் சண்டையில், கூரையிலிருந்து ஒரு பெண் எறிந்த ஓடு பட்டு விழுந்து செத்தான்.

ஆக, இந்த வழிகளில் நான் சிசிலிக்கே ஓட்டுப் போடுவேன், லிலிபேயத்தை விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்வது என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை இல்லாவிட்டால் மாசிடோனியா. இத்தாலிக்கு எந்த நிலையிலும் இல்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. மாசிடோனியாவுக்கு எதிராக நான் வைத்த பெரிய வாதம் கால் இனத்தார். ஆனால் பைரஸிடம் யானைகள் இருந்தன. கெரானஸ் கொடுத்தவை என்றால், சந்திரகுப்த மௌரியரிடமிருந்து செலூக்கஸ் வாங்கிய 500 யானைகளின் மிச்சமாக அவை இருக்க வாய்ப்பு உண்டு. யானையைக் கண்டிராத கால் இனத்தாரின் படை அதன் முன்னால் என்ன செய்யும்? சில ஆண்டுகள் கழித்து ஆசியா மைனரில் ஆன்டியோக்கஸ் அதைச் செய்து காட்டினான். அவனிடம் இருந்தவை 16 யானைகள். கால் இனத்தாரின் குதிரைகளும் தேர்களும் அவற்றைப் பார்த்ததுமே மிரண்டு தங்கள் கூட்டத்துக்குள்ளேயே பாய்ந்தன. ஜெயித்த பிறகு வீரர்கள் ஆரவாரம் செய்தபோது, பதினாறு மிருகங்களால் பிழைத்தோமே என்று அவன் வெட்கப்பட்டுக் கண் கலங்கியதாகவும், வெற்றிச் சின்னத்தில் ஒரு யானையின் உருவத்தை மட்டும் செதுக்கச் சொன்னதாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள்.